கயிறு, கதவு, கைப்பிடிக் கம்பி: போர்க்கப்பலில் அன்றாட வேலையைப் பத்திரமாகச் செய்வது எப்படி

நைலான் கட்டுவடம் அறுவதற்கு முன் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீளக்கூடும். அந்த நீட்சி முழுக்கச் சேர்ந்து நிற்கும் விசை. அறுந்த கணத்தில் இரண்டு முனைகளும் அந்த விசையோடு திரும்பி அடிக்கும். பழைய மணிலாக் கயிறு அறுமுன் முறுமுறுக்கும், புரி ஒவ்வொன்றாகத் தெறிக்கும், ஆளுக்கு விலக நேரம் கிடைக்கும். நைலான் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. அதனால், போர் இல்லாத நாளில் போர்க்கப்பலில் மிக ஆபத்தான இடம் எது என்று கேட்டால், துறையில் கப்பலைக் கட்டும் நேரத்து மேல்தளம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கே சொல்வது அமெரிக்கக் கடற்படையின் நாசகாரிக் கப்பல் அளவுள்ள ஒன்றை மனதில் வைத்து. மற்றக் கடற்படைகளில் கட்டளைச் சொற்களும் குறிகளும் மாறும். கயிற்றின் குணம் மாறாது. கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் நம் கடலோரத்தார் சொல்வார்கள். அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்வோம்.

ஆறு கயிறுகள்

கயிறுகளுக்கு அணியத்திலிருந்து எண் தொடங்கும். 1 அணியக் கயிறு, 6 அமரக் கயிறு. இடையில் உள்ள நான்கும் கப்பலை ஒட்டிச் சாய்வாகப் போகும் ஸ்பிரிங் கயிறுகள். 2-உம் 4-உம் கப்பலிலிருந்து பின்னோக்கிச் சென்று கரையைப் பிடிக்கும். கப்பல் முன்னே நகராமல் தடுப்பவை அவை. 3-உம் 5-உம் முன்னோக்கிச் செல்லும். கப்பல் பின்வாங்காமல் தடுக்கும். புதிதாக வந்தவர்கள் குழம்புவது இங்கேதான். முன் ஸ்பிரிங், பின் ஸ்பிரிங் என்ற பெயர், கயிறு போகும் திசையை வைத்து வருகிறது. அது தடுக்கும் நகர்வோ அதற்கு நேரெதிர். "இரண்டைப் பிடி" என்று கட்டளை வந்தால் கப்பல் முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது என்று உடனே புரிய வேண்டும். கட்டளை மட்டும் தெரிந்து காரணம் தெரியாதவன் தவறான இடத்தில் நிற்பான்.

வேலைக்கு முன்

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஓடும் கயிறு மோதிரத்தில் மாட்டினால் மோதிரத்தோடு விரலும் போகும். உயிர்காப்பு அங்கி, தாடைப்பட்டை இறுக்கிய தலைக்கவசம், வழுக்காத காலணி. சட்டை நுனி, சட்டைப்பையில் தொங்கும் சாவி வளையம் எதுவும் வெளியே ஆடக்கூடாது. கம்பிவடத்தைத் தொட்டால் தோல் கையுறை கட்டாயம், ஏனென்றால் அறுந்த கம்பி இழைகள் மீன்முள்ளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் கையில் ஆடும் தொளதொள கையுறையோடு கேப்ஸ்டன் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் சுழல் உருளை) பக்கம் போகவே கூடாது.

கயிற்றை வட்டச் சுருளாக விட்டுவைக்காமல், தளத்தில் நெளிநெளியாக நீட்டிப் பரப்புங்கள். முதலில் வெளியே போக வேண்டிய பகுதி மேலே இருக்கட்டும். பரப்பும்போதே கண்ணால் பாருங்கள்: உராய்ந்து பஞ்சுபோலப் பொங்கிய இடம், வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோல மினுங்கும் இடம், புரியைப் பிரித்தால் உள்ளே மாவாக உதிரும் தூள். இதில் எது இருந்தாலும் அந்தக் கயிறு அன்றைக்கு வேலைக்கு வரக்கூடாது. வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே மாவாகிப்போன கயிறுதான் ஏமாற்றும்.

வீச்சுக்கயிறு

கரைக்கு முதலில் போவது மெல்லிய வீச்சுக்கயிறு. நுனியில் பந்துபோன்ற முடிச்சு. தூரம் போகட்டும் என்று அந்த முடிச்சுக்குள் இரும்பு நட்டையோ போல்ட்டையோ வைத்துக் கட்டுபவர்கள் உண்டு. கரையில் நிற்பவன் மண்டையில் விழுந்தால் அது ஆயுதம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

சுருளைப் பிரித்து ஒரு பகுதியை வீசும் கையில் வையுங்கள். மீதி மற்றக் கையின் விரித்த உள்ளங்கையில் தளர்வாக இருக்கட்டும், தானாக ஓடும்படி. கடைசி முனையைக் கப்பலில் ஓரிடத்தில் கட்டிவிடுங்கள். அதை மறந்து முழுக் கயிற்றையும் தண்ணீருக்குக் கொடுப்பது நடக்காத கதையல்ல. கரையை நோக்கிக் குரல் கொடுத்த பிறகு, ஆட்களின் மேல் அல்லாமல் அவர்கள் தலைக்கு மேலே தாண்டிப் போகும்படி வீசுங்கள். வீச்சுக்கயிற்றைப் பெருங்கயிற்றின் கண்ணி உச்சியில் கட்டாமல் பக்கவாட்டில் கட்டுங்கள். அப்போதுதான் அதை அவிழ்க்காமலே கண்ணியைக் கரைத்தூணில் மாட்ட முடியும், மாட்டுபவன் விரலும் நசுங்காது.

கரைத்தூணில் ஏற்கெனவே வேறு கப்பலின் கண்ணி இருந்தால் அதன் மேலே போட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கண்ணியை அதன் உள்ளே கீழிருந்து மேலாக நுழைத்து, பிறகு தூணில் மாட்டுங்கள். யார் முதலில் கிளம்பினாலும் மற்றவர் கயிற்றைத் தொட வேண்டியிருக்காது.

பிடி, தாங்கு, தளர்த்து

கட்டளைகளில் இரண்டை மாற்றிப் புரிந்துகொள்வதுதான் பல கயிறுகள் அறுவதற்குக் காரணம். "ஹோல்ட்" என்றால் அறுந்தாலும் பரவாயில்லை, ஓர் அங்குலமும் விடாதே என்று பொருள். "செக்" என்றால் இழுப்பை விடாமல் தாங்கு, ஆனால் அறும் நிலை வந்தால் நழுவவிடு. கப்பலைச் செலுத்தும் மேடையில் (பிரிட்ஜ்) நிற்கும் அதிகாரி இரண்டையும் தெரிந்துதான் சொல்கிறார். "ஹோல்ட்" கேட்ட உடனே கயிற்றைக் கையாளுபவர் தவிர மற்றவர்கள் விலகிவிட வேண்டும். "ஸ்லாக்" வந்தால் தாராளமாக விடுங்கள். ஆனால் தண்ணீரில் தொங்கி இயக்குவிசிறிப் பக்கம் போகும் அளவுக்கு வேண்டாம்.

தளத்து இரட்டைத்தூணில் செயற்கை இழைக் கயிற்றைச் சுற்றும்போது, இழுப்பு வரும் பக்கத்துத் தூணில் முதலில் இரண்டு முழுச் சுற்று. அதன் பிறகே இரண்டு தூணுக்கும் இடையே எட்டு வடிவச் சுற்றுகள், குறைந்தது மூன்று. முதல் இரண்டு சுற்று எதற்கு? எட்டு வடிவத்தை மட்டும் போட்டால் நைலான் வழுக்கும், இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று இறுகி, விட வேண்டிய நேரத்தில் விடாது. அடிச்சுற்று இருந்தால் நழுவவிடுவது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

கேப்ஸ்டனிலிருந்து தூணுக்கு மாற்றும்போது இடையில் ஒரு தடுப்புக்கயிறு (இழுப்பைத் தற்காலிகமாகத் தாங்கும் சிறு கயிறு) போட்டுத்தான் இழுப்பை அதில் ஏற்ற வேண்டும். மாற்றுபவன் விரைவாக, ஆனால் கை கயிற்றுக்கும் தூணுக்கும் இடையில் வராமல் வேலை செய்ய வேண்டும்.

கேப்ஸ்டனில் நைலானை வழுக்கவிட்டே தளர்த்துவது கெட்ட பழக்கம். உரசலில் இழை உருகி உருளையில் ஒட்டும். பிறகு ஒரேயடியாக விட்டு வெட்டி இழுக்கும். அந்த வெட்டில்தான் அறும். கயிற்றின் வால்முனையைப் பிடிப்பவன் உருளைக்கு ஒரு மீட்டராவது தள்ளி நிற்கட்டும். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கினால் கையால் தட்டிவிடாதீர்கள். நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள், தடுப்புக்கயிறு போடுங்கள், அதன் பிறகு பின்சுழற்றி எடுங்கள். கேப்ஸ்டனை இயக்கும் விசையைப் பிடித்திருப்பவன் வேறு எதையும் கவனிக்கக்கூடாது, கட்டளைகளைத் தொலைபேசியில் கேட்டுச் சொல்பவன் பேச்சையும்தான்.

எங்கே நிற்பது

இழுபட்ட கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்காதே என்பது எல்லாருக்கும் தெரியும். கயிறு உருளையிலோ வழிவாயிலோ (கயிறு கப்பலை விட்டு வெளியேறும் திறப்பு) திரும்பும் இடத்தில், அறுந்த முனை நேராக வராமல் வில்லாக வீசி அடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வளைவின் உள்புறத்தில் நிற்பவனுக்குத் தப்ப வழியில்லை. சில கப்பல்களில் அடிபடும் பகுதியைத் தளத்தில் வண்ணம் பூசிக் காட்டியிருப்பார்கள். கோட்டுக்கு ஓர் அடி வெளியே நின்றால் போதும் என்ற நினைப்பை அது வளர்க்கிறது. கயிற்றின் போக்கு ஒவ்வொரு துறையிலும் மாறும், பூச்சு மாறாது. இழுப்பு ஏறிவிட்டால் தளம் முழுவதுமே அடிபடும் பகுதி என்று எடுத்துக்கொள்வதே சரி. கயிற்றின் வளைவுக்குள் கால் வைக்காதீர்கள். இழுபட்ட கயிற்றைத் தாண்டாதீர்கள், அதன் மேல் உட்காராதீர்கள்.

சில நைலான் வடங்களில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மெல்லிய கயிறு ஒன்று தொய்வாகத் தொங்கும், டாட்டில்டேல் என்பார்கள். வடம் நீள நீள அந்தத் தொய்வு குறையும். அது விறைத்துவிட்டால் வடம் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. உடனே அறிவியுங்கள்.

ஒரே வேலைக்கு இரண்டு கயிறு போட்டால் இரண்டும் ஒரே இழையாக, ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கட்டும். நைலானோடு கம்பிவடத்தைச் சேர்த்தால் நீளாத கம்பியே முழுச் சுமையையும் ஏற்கும். அது போன பிறகு நைலான். புதுவகை உயர்வலு இழைக் கயிறுகள் மிகக் கொஞ்சமே நீள்கின்றன என்பதற்காக அவை திருப்பி அடிக்காது என்று நம்ப வேண்டாம்.

கதவு

நீர்புகாக் கதவுகளில் எக்ஸ், ஒய், இசட் எழுத்துகள் இருக்கும். எக்ஸ் குறி இருப்பவை எப்போதும் மூடியிருக்க வேண்டியவை. ஒய் குறியவை கடலில் செல்லும்போதும், துறையில் வேலைநேரம் முடிந்த பிறகும் சேர்ந்து மூடப்படும். போர்நிலை அறிவிப்பில் இசட்டும் மூடும். எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் அதற்குத் தனி விதி உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூட வேண்டிய கதவைத் திறக்க நேர்ந்தால் சேதக்கட்டுப்பாட்டு மையத்தில் அனுமதி பெற்றுப் பதிவேட்டில் எழுதுங்கள். "ஒரு நிமிடம்தானே" என்று திறந்துவைத்த கதவு அப்படியே மறந்துபோகும்.

தனித்தனித் தாழ் உள்ள கதவை மூடும்போது, கீலுக்கு எதிர்ப்பக்கத் தாழ் ஒன்றை முதலில் கதவு நிற்கும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு மற்றவற்றைச் சமமாக. திறக்கும்போது கீல் பக்கத்துத் தாழ்களில் தொடங்குங்கள். கதவு துள்ளாது, மீதித் தாழ்களும் எளிதாக வரும். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, முதலில் புறங்கையால் கதவைத் தொட்டுச் சூடு பாருங்கள். தாழைச் சற்றே தளர்த்தி, நீர் கசிகிறதா, காற்று சீறுகிறதா என்று கவனியுங்கள். கதவின் நடுவுக்கு ஒரு மீட்டர் மேலே நீர் நின்றாலே, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் அழுத்தம் இருக்கும். திறந்துவிட்டால் மூட உங்கள் தோளால் ஆகாது.

விளிம்பு ரப்பரில் பெயின்ட் படவிடக்கூடாது. கதவுச் சட்டத்தின் கூர்விளிம்பில் சாக்குக்கட்டியைத் தேய்த்து மூடித் திறந்தால் ரப்பரில் வெள்ளைக் கோடு விழும். கோடு எங்கே விட்டுப்போகிறதோ அங்கே நீர் வரும்.

கதவு வழியாக வயரும் குழாயும் இழுப்பது துறையில் பராமரிப்பு நடக்கும்போது வழக்கம். 2020 ஜூலையில் சான் டியாகோவில் பராமரிப்பில் இருந்த போன்ஹோம் ரிச்சர்ட் கப்பல் நாலு நாளுக்கும் மேல் எரிந்தது. பின்னர் வந்த விசாரணை அறிக்கையில் அந்தக் கப்பலுக்குள் இருந்த தீயணைப்பு நிலையங்களில் 87 விழுக்காடு செயல்படாத நிலையில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. கதவுகளை மூடவிடாமல் தற்காலிக வயர்களும் குழாய்களும் கிடந்தன. வயர் இழுத்தே ஆக வேண்டுமென்றால், உடனே பிரிக்கும்படி கதவருகில் இணைப்பு வையுங்கள், கோடரியை நம்பாமல்.

படுக்கை அறையிலிருந்து வெளியேறும் வழியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பழகுங்கள். உங்கள் கட்டிலிலிருந்து ஏணிக்கு எத்தனை கட்டில், எந்தக் கை பக்கம் திருப்பம், அவசர மூடியின் சக்கரம் எந்தப் பக்கம் சுழலும், இவை கைக்குத் தெரிய வேண்டும். 2017 ஜூன் 17 அதிகாலை ஜப்பான் அருகே ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் சரக்குக்கப்பலோடு மோதியபோது, நீர் புகுந்த ஒரு படுக்கை அறையில் 35 பேர் இருந்தார்கள். 28 பேர் மேலே வந்தார்கள், 7 பேர் வரவில்லை.

கடலில் ஆள் விழுந்தால்

கைப்பிடிக் கம்பியில் சாயாதீர்கள், உட்காராதீர்கள், அதில் எதையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். வேலைக்காகக் கழற்றினால் அனுமதி பெற்று, அங்கே தற்காலிகக் கயிறு கட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

விழுந்ததைப் பார்த்தவன் எந்தப் பக்கம் என்று சேர்த்துக் கத்த வேண்டும். மிதவை வளையம், புகைமிதவை, கையில் கிடைக்கும் மிதக்கும் பொருள் எதுவானாலும் வீசுங்கள். பிறகு விழுந்தவனை நோக்கிக் கையை நீட்டியபடியே நில்லுங்கள், கண்ணை எடுக்காமல். அலைக்கிடையில் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது. ஒருமுறை விட்டால் திரும்பக் கண்டுபிடிப்பது கடினம். சுக்கான் முதலில் அவன் விழுந்த பக்கமே திரும்பும். அமரமும் இயக்குவிசிறியும் எதிர்ப்பக்கம் ஒதுங்கட்டும் என்பதற்காக. ஆள் கண்ணில் தெரிந்தால் அதே பக்கம் முழு வட்டம் அடிக்கலாம். இரவில் தெரியாவிட்டால் வில்லியம்சன் திருப்பம்: பழைய போக்கிலிருந்து 60 பாகை திரும்பியதும் சுக்கானை மறுபக்கம் முழுக்க மாற்றி, வந்த தடத்திலேயே எதிர்த்திசையில் திரும்பி வருவது. அதே நேரத்தில் எல்லாரையும் எண்ணிக் கணக்கெடுக்க வேண்டும். யார் இல்லை என்பதும், ஒருவரா இருவரா என்பதும் அதில்தான் தெரியும்.

மூடிக்கிடந்த அறைகள்

நங்கூரச் சங்கிலி அறை, வெற்று எரிபொருள் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி. துருப்பிடிக்கும் இரும்பே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசமும் வராது, மூச்சும் முட்டாது, ஆள் சரிந்துவிடுவான். கழிவுநீரின் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும், பிறகு மூக்கையே மரக்கச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. பொறுப்பாளர் அளந்து சான்று கொடுக்காமல் தலையைக்கூட உள்ளே நீட்டாதீர்கள். முதலில் ஆக்சிஜன் (19.5 விழுக்காட்டுக்குக் கீழ் போகக்கூடாது), அடுத்து தீப்பிடிக்கும் வாயு, கடைசியில் நச்சு வாயு, மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும். வேலை நடக்கும்போது காற்றுக்குழாய் ஓடிக்கொண்டே இருக்க, வாயிலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் விழுந்தால் வாயிலில் நிற்பவன் குதிக்கக்கூடாது. முதலில் கத்திச் சொல்ல வேண்டும். மூச்சுக்கருவி அணிந்த மீட்புக்குழு வரும்வரை, உள்ளே இருப்பவன் இடுப்பில் கட்டிய கயிற்றை வெளியிலிருந்தே இழுக்க வேண்டும்.