பிகாச்சு ரயிலில் இடம் பிடிக்க

ஜப்பானின் இச்சினோசெக்கி, கெசென்னுமா நகரங்களுக்கு இடையே, பிகாச்சு என்னும் கார்ட்டூன் பாத்திரத்தின் அலங்காரத்துடன் ஓடும் போக்கிமான் ரயில், 2011ஆம் ஆண்டு நிலநடுக்க, சுனாமிப் பேரிடரில் பாதிக்கப்பட்ட பகுதிக் குழந்தைகளை மகிழ்விக்கவென 2012 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இரண்டே பெட்டிகள் கொண்ட இந்த ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்குரியவை என்பதாலும், பெரும்பாலும் வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் மட்டுமே இது ஓடுவதாலும், ஓடும் நாளை முதலில் உறுதிசெய்துகொண்டு, பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, காலை 10 மணிக்கு முன்பதிவு தொடங்கியதும் இடம் பிடித்துவிடுவது நல்லது. அதன் பிறகே விடுதியையும் பிற பயணங்களையும் திட்டமிடலாம். ஒரு பெட்டி முழுவதும் விளையாட்டறை என்பதால், குழந்தைகள் இருக்கையில் அமர்ந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம் (பெரியவர்களும் அப்படித்தான்). டோக்கியோவிலிருந்து இச்சினோசெக்கிக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலிலேயே வந்துவிடலாம்.