பழைய சர்வரில் தொலைவிலிருந்தே இயங்குதளத்தை மறுநிறுவுதல்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

கைக்கெட்டாத இடத்தில் இருக்கும் சர்வரில் இயங்குதளத்தை மறுநிறுவுவது, சரியான வரிசையில் செய்தால் அஞ்சத்தக்க வேலை அன்று. ஹார்ட் டிஸ்க்கில் புதிய பகுதிகளை எழுதும் கணம் வரை எந்தக் கட்டத்திலிருந்தும் பழைய இயங்குதளத்துக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லாப் படிகளும் அந்த வழியைக் காப்பதற்காகவே. எடுத்துக்காட்டாக டெபியன் லினக்ஸை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மேலாண்மை வழி இருக்கிறதா?

பல சர்வர்களின் தாய்ப்பலகையில் பிஎம்சி என்னும் தனிச் சிறு கணினி உண்டு. டெல் அதை ஐடிராக் என்றும், ஹெச்பி ஐலோ என்றும் அழைக்கின்றன. இயங்குதளம் செயலிழந்தாலும் மின்சாரத்தை நிறுத்திப் போடவும் திரையைப் பார்க்கவும் அது உதவும். பழைய பிஎம்சிகளின் திரைக்காட்சி ஜாவாவையும் காலாவதியான டிஎல்எஸ் (இணையத் தொடர்பை மறையாக்கும் முறை) பதிப்புகளையும் நம்பியிருப்பதால், இன்றைய உலாவிகள் அவற்றைத் திறக்க மறுப்பது வழக்கம். அப்போது, பிஎம்சியோடு பேசுவதற்கான பொது நெறிமுறையாக 2004இல் வந்த ஐபிஎம்ஐ 2.0 வழங்கும் 'சீரியல் ஓவர் லேன்' வசதியை நாடுங்கள். அது எழுத்துகளை மட்டுமே அனுப்புவதால் உலாவியே தேவையில்லை. ஆனால் ஐபிஎம்ஐ 2.0இன் உள்நுழைவு முறை, பயனர் பெயர் தெரிந்த எவருக்கும் கடவுச்சொல்லின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை) தந்துவிடும் குறைபாடு உடையது. ஆகவே ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யுடிபி 623 போர்ட்டைப் பொது இணையத்தில் ஒருபோதும் திறந்து வைக்காமல், விபிஎன் வழியாக மட்டும் அணுகுங்கள்.

படி 2: குறிப்பெடுத்தல்

ஐபி முகவரி, நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி, அதன் டிரைவர் ஆகியவற்றை ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்திலிருந்தே எழுதி வையுங்கள். காப்புப் பிரதியை வேறொரு கணினிக்கு நகலெடுத்து, அதிலிருந்து சில கோப்புகளை மீட்டும் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நான் காப்பாகக் கருதுவதில்லை.

செயலி 64 பிட் வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025இல் வெளியான டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. அத்தகைய கணினிக்கு 2023இல் வந்த டெபியன் 12தான் கடைசி. அடுத்து, பழைய சர்வர்களில் பரவலாக உள்ள பிராட்காம் அட்டைகள் சில, தனி ஃபர்ம்வேர் கோப்பு (அட்டைக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) இல்லாமல் இயங்கா. நெட்பூட் நிறுவியில் (மற்றத் தொகுப்புகளை நெட்வொர்க் வழியாக இறக்கிக்கொள்ளும் சிறிய நிறுவியில்) அது இல்லையெனில் நீங்களே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நிறுவி எழுந்தும் நெட்வொர்க் எழாது.

படி 3: ஒருமுறை மட்டும் பூட் செய்தல்

பிஎம்சி இல்லாத சர்வருக்கு இதுவே உயிர்நாடி. டெபியன் நெட்பூட் நிறுவியின் கெர்னலையும் (இயங்குதளத்தின் கரு) இனிட்ஆர்டி கோப்பையும் (கெர்னல் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றும் சிறு கோப்பு முறைமை) பழைய இயங்குதளத்தின் பூட் அடைவில் வைத்து, எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் நிரலின் பட்டியலில் அவற்றுக்கு ஒரு புதிய பதிவு சேருங்கள். நிறுவியின் கேள்விகளுக்கான விடைகளை 'ப்ரீசீட்' கோப்பில் எழுதி இனிட்ஆர்டிக்குள் வைத்துவிட்டால், முதல் கேள்வி எழும் முன்பே அது படிக்கப்படும். மாறாத ஐபி முகவரியும், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைய உதவும் 'நெட்வொர்க் கன்சோல்' கூறும் அந்தக் கோப்பில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

பின்னர் கிரப்பின் இயல்புத் தேர்வைச் 'சேமித்தது' என்று மாற்றி, பழைய இயங்குதளத்தையே சேமித்த தேர்வாக வைத்துவிட்டு, கிரப்-ரீபூட் கட்டளையால் புதிய பதிவை அடுத்த ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். நிறுவி தடுமாறி நின்றாலும், யாரேனும் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் பழைய இயங்குதளம் திரும்பிவிடும். கெர்னலுக்கு 'பேனிக்' அளவுருவை 30 என்று கொடுத்தால், அது நிலைகுலைந்த 30 வினாடிகளில் தானே ரீபூட் ஆகும். இங்கே ஒரு கண்ணி உண்டு: பூட் அடைவு எல்விஎம் அல்லது மென்பொருள் ரெய்டு (வட்டுகளை மென்பொருளால் இணைத்தோ பிரித்தோ ஆளும் முறைகள்) மீது இருந்தால், கிரப்பால் அங்கே எழுத முடியாது, 'ஒருமுறை' என்ற குறிப்பு அழியாமல் நின்று, ஒவ்வொரு முறையும் நிறுவியே எழும். இந்தப் படி முழுவதையும் முதலில் ஒரு மெய்நிகர் கணினியில் ஒத்திகை பாருங்கள்.

படி 4: நிறுவுதல்

ரீபூட் ஆனபின் 'இன்ஸ்டாலர்' என்ற பயனர் பெயரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, முதல் வேலையாகத் தேதியைச் சரிபாருங்கள். பழைய தாய்ப்பலகையில் கடிகாரத்தை ஓட வைக்கும் சீமாஸ் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், தொகுப்புகளின் கையொப்பச் சோதனை தோற்றுவிடும். வட்டைப் பிரிக்கும்போது, பயாஸ் (தாய்ப்பலகையின் பழைய வகைத் தொடக்க மென்பொருள்) வழியாக, ஜிபிடி என்னும் பகுதி அட்டவணை கொண்ட வட்டிலிருந்து பூட் செய்வதானால் 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பகுதி ஒன்றை ஒதுக்குங்கள். இரண்டு வட்டுகள் இருந்து, பழைய இயங்குதளம் ஒன்றில் முழுமையாக இருக்குமானால், அதைத் தொடாமல் மற்றதில் நிறுவுவதே என் பரிந்துரை.

படி 5: கடைசி ரீபூட்டுக்கு முன்

இங்கே அவசரம் கூடாது. நிறுவியின் முனையத்திலிருந்து புதிய இயங்குதளத்துக்குள் சென்று, எஸ்எஸ்ஹெச் சேவை இருக்கிறதா, கடவுச்சொல்லின்றி நுழைய உதவும் உங்கள் பொதுச் சாவி சாதாரணப் பயனரின் கணக்கில் இருக்கிறதா, கிரப் சரியான வட்டில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். ரூட் கணக்கில் கடவுச்சொல்லால் நுழைய எஸ்எஸ்ஹெச் இயல்பாக இடம் தருவதில்லை என்பதால், அந்தச் சாதாரணப் பயனருக்கு நிர்வாக உரிமை இருக்க வேண்டும். நெட்வொர்க் இடைமுகத்தின் பெயர் பழைய இயங்குதளத்தில் இருந்ததிலிருந்து மாறியிருக்கலாம். அமைப்புக் கோப்பில் புதிய பெயர் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். சீரியல் வழியைப் பயன்படுத்துவோர் கெர்னலின் கன்சோல் அளவுருவில் பயாஸில் உள்ள அதே வேகத்தை, பெரும்பாலும் 115200, குறிப்பிட வேண்டும்.

சர்வர் தன்னை அடையாளம் காட்டும் புதிய எஸ்எஸ்ஹெச் சாவியின் கைரேகையையும் (சாவியின் சுருக்கக் குறியீடு) இப்போதே குறித்துக்கொண்டு ரீபூட் செய்யுங்கள். மீண்டும் நுழையும்போது சர்வரின் சாவி மாறிவிட்டதாக உங்கள் கணினி எச்சரிக்கும். குறித்து வைத்த கைரேகையோடு ஒப்பிட்டு, ஒத்திருந்தால் மட்டும் பழைய சாவியை நீக்கி உள்ளே செல்லுங்கள்.