பக்கலியாவ் ஊறும்போது தோல் மேலே இருக்கட்டும்

லிஸ்பனில் குடியேறியவர்கள் ருவா டோ ஆர்செனல் தெருப் பக்கம் போனால் அந்த வாசனையே கடையைக் காட்டிக்கொடுத்துவிடும். பலகை போல விறைத்த உப்புக் காட் மீன், அதுதான் பக்கலியாவ். நம் கருவாடு மாதிரி வெந்நீரில் அலசிவிட்டுக் குழம்பில் போட்டால் வாயில் வைக்க முடியாது.

முதலில் மேல் உப்பைக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு தோல் மேலே இருக்கும்படி அகலப் பாத்திரத்தில் வைத்து, குளிர்ந்த நீரில் மூழ்கவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோல் அடியில் இருந்தால் உப்பு இறங்க வழியில்லாமல் சதையிலேயே தங்கிவிடும். மெல்லிய துண்டுக்கு 24 மணி நேரம், தடித்ததற்கு 48. நாளைக்கு மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு நாரைப் பிய்த்து ருசி பார்த்துவிட்டு அடுப்பேற்றுங்கள். தனியாக உப்பு வேண்டாம்.

அவசரமா? சூப்பர் மார்க்கெட்டின் உறைபனிப் பெட்டியில் 'டிமொல்யாடு' என்று எழுதிய பாக்கெட் ஏற்கெனவே ஊறவைத்தது. ருசி கொஞ்சம் மட்டுதான். ஆனாலும் உருளைக்கிழங்கு, முட்டையோடு கிளறும் 'ஆ பிராஸ்' செய்ய அது போதும். பச்சை மிளகாய் இரண்டு கீறிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும், போர்ச்சுகீசிய விருந்தாளி இல்லாத நாளில்!