பழைய நகர மையத்துக்கு இரவில் ஆட்களை வரவைக்கும் வெளிச்சம்: எங்கே, எவ்வளவு, எதுவரை

பொழுது சாய்ந்ததும் பழைய நகரத்தின் நடுப்பகுதி வெறிச்சோடிப் போகிறது என்று புகார் வந்தால் பெரும்பாலும் என்ன நடக்கிறது தெரியுமா? மணிக்கூண்டுக்கோ கோட்டைச் சுவருக்கோ நான்கு ஃபோகஸ் லைட் அடித்து, தெருவெங்கும் பளீரென்ற வெள்ளை எல்இடி மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். மணிக்கூண்டு போட்டோவில் அழகாகத்தான் வரும். அதன் கீழே நடக்கிறவருக்கோ எதிரே வருகிறவர் முகம் தெரியாது. முகம் தெரியாத தெருவில் யாரும் நிற்க மாட்டார்கள், யாரும் நிற்காத தெருவில் கடைக்காரர் எதற்காகத் திறந்து வைத்திருக்க வேண்டும்? அதனால் திட்டம் போடும்போது முதலில் நடக்கிற ஆள், அப்புறம் வாசல்கள், கட்டடங்கள் கடைசியில்.

எதையும் வாங்குவதற்கு முன் இரவில் நடந்து பாருங்கள். கடைகள் திறந்திருக்கும்போது ஒரு முறை, எல்லாம் அடைத்த பிறகு இன்னொரு முறை. கண் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர், வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண் ஒருவர், சக்கர நாற்காலியில் வருபவர், ஒரு கடைக்காரர், கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவர் என்று கலந்து கூட்டிப் போங்கள். எங்கே நடை தானாக வேகம் பிடிக்கிறது, எந்தப் படி கண்ணுக்குத் தெரியவில்லை, எந்த விளக்கு கண்ணைக் கூசுகிறது என்பதை அவர்களே வரைபடத்தில் குறிக்கட்டும். ஷட்டர்கள் இறங்கும் நேரத்தைத் தவற விடாதீர்கள். பல தெருக்களில் பாதி வெளிச்சம் கடைகளுக்குள்ளிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு ஷட்டராக இறங்க இறங்க நடைபாதையில் விழுந்திருந்த வெளிச்சப் பட்டை ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், கடைசியில் கம்பத்துக்கு அடியில் மட்டும் ஒரு வட்டம் மிஞ்சும். உங்கள் திட்டம் அந்தத் தெருவுக்காகத்தான்.

அடுத்தது வழி. பேருந்து நிறுத்தத்திலிருந்தும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தும் மையம் வரை அறுபடாத ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து அதை முதலில் முடியுங்கள். ஊர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் பணம் கரையும், வித்தியாசமே தெரியாது. அளவைப் பொறுத்தவரை, நடைபாதைகளுக்கு ஐரோப்பிய தரநிலையான இஎன் 13201 சொல்லும் சராசரி 2 லக்ஸிலிருந்து 15 லக்ஸ் வரைதான் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதன் அளவு). முழு நிலா வெளிச்சம் அரை லக்ஸைக்கூடத் தொடாது, அதிலேயே நம்மால் நடக்க முடிகிறது. ஆகவே 5, 10 லக்ஸ் சீராக விழுந்தாலே தாராளம். ஓரிடத்தில் மட்டும் வெளிச்சத்தைக் கொட்டினால் கண் அதற்குப் பழகிவிடும், பக்கத்துச் சந்து முன்பைவிட இருட்டாகத் தெரியும். ஆளை பயமுறுத்துவது பெரும்பாலும் அந்த வித்தியாசம்தான்.

முகத்துக்கு வருவோம். நேர் உச்சியிலிருந்து விழும் வெளிச்சத்தில் கண்குழியும் கன்னமும் கறுத்துவிடும். குறுகிய தெருக்களில் மூன்று நான்கு மீட்டர் உயரக் கம்பங்களோ, இரண்டு பக்கச் சுவர்களிலும் மாறி மாறிப் பொருத்திய விளக்குகளோ நன்றாக வேலை செய்யும். சோதிக்க வெளிச்சம் அளக்கும் கருவிகூட வேண்டாம்: நான்கு மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்துங்கள், அவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று சட்டென்று தெரிகிறதா பாருங்கள்.

நிறத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. பழைய சோடியம் விளக்கு சுமார் 2000 கெல்வின். அதன் நிறக் காட்டுத்திறன், அதாவது பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் திறன், நூற்றுக்கு 25ஐ ஒட்டித்தான் இருக்கும், அதனால் செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, மரக்கதவு எல்லாம் ஒரே பழுப்பு மஞ்சள். அதைக் கழற்றிவிட்டு 4000 கெல்வின் மாட்டினால் தெரு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். 2200 முதல் 3000 கெல்வினுக்குள் நில்லுங்கள், நிறக் காட்டுத்திறன் 80க்குக் குறையாமல் கேளுங்கள். செங்கல்லுக்கும் சிவப்புக் கல்லுக்கும் இந்த வரம்பின் கீழ்ப்பகுதி, சாம்பல் நிறக் கல்லுக்கு மேல்பகுதி பொருந்தும்.

இப்போது கட்டடங்கள். எதிரிலிருந்து மொத்தமாக வெளிச்சம் அடித்தால் செதுக்கு வேலையெல்லாம் தட்டையாகிவிடும். சுவரை ஒட்டி வைத்த சிறிய விளக்கு மேல்நோக்கி உரசிக்கொண்டு போனால்தான் ஒவ்வொரு மேடும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். முழு முகப்பும் வேண்டாம். ஒரு வாசல் வளைவு, ஒரு மாடம், ஒரு தாழ்வாரம் போதும், மற்றதை இருட்டில் விடத் துணியுங்கள். ஆணி, திருகு எதுவும் கல்லில் இறங்கக்கூடாது, கற்களுக்கு நடுவே உள்ள காரை இணைப்பில்தான் இறங்க வேண்டும், அதுவும் துருப்பிடிக்காத எஃகில், ஏனென்றால் துருக்கறை ஒரு முறை கல்லில் வழிந்தால் எடுப்பது பெரும்பாடு. ஒயர், சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கு மேல் மறைந்து போகட்டும். வௌவால் வெளியே வரும் துளைகள் மேல் வெளிச்சம் படக்கூடாது. பட்டால் அவை இரை தேடக் கிளம்பவே தாமதமாகிறது.

நிறம் மாறும் விளக்குகளைத் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் லியோன் நகரத்தைப் பாருங்கள். 1852 டிசம்பர் 8 அன்று மக்கள் ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றியதில் தொடங்கிய ஒளி விழா இன்று உலகப் பிரசித்தம். ஆனால் அந்த ஊரின் இரவையே மாற்றியது 1989இல் போட்ட ஒளித் திட்டம். கட்டடங்கள், பாலங்கள், ஆற்றங்கரைகள் என்று ஆண்டு முழுக்க எரியும் விளக்குகளை ஒரே கண்ணோட்டத்தில் யோசித்தார்கள். நான் உங்களைக் கெஞ்சிக் கேட்பதும் அந்தச் சாதாரண நாட்களுக்காகத்தான்.

டெண்டருக்கு முன் ஒரே ஒரு தெருவில் தற்காலிகமாக விளக்குகளைக் கட்டி, சில இரவுகள் எரியவிட்டுக் கருத்துக் கேளுங்கள். இதைவிட உருப்படியான செலவு இந்தத் திட்டத்தில் வேறு இல்லை. பாதியாக மங்கவைத்தும் காட்டுங்கள், பலர் அதைத்தான் விரும்புவார்கள்.

நேரக் கட்டுப்பாடும் அப்போதே பேசி முடிக்க வேண்டியது. கடை அடைக்கும் வரை முழு அளவு, பிறகு மங்கல், மாடி ஜன்னல்களுக்குள் வெளிச்சம் போகாமல் மறைப்பு. பிரான்சில் 2018ஆம் ஆண்டு ஆணைப்படி பாரம்பரியக் கட்டடங்களை எடுப்பாகக் காட்டும் விளக்குகள் பொதுவாக இரவு ஒரு மணிக்குள் அணைந்துவிட வேண்டும். விதி இருக்கிறதோ இல்லையோ, நள்ளிரவுக்கு மேல் யாருக்காகக் கோபுரம் எரிய வேண்டும்?

இவ்வளவும் செய்து, தெருவில் எல்லாம் பூட்டிக் கிடந்தால், பூட்டுகள்தான் தெளிவாகத் தெரியும். எனவே கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்: அடைத்த பிறகும் கண்ணாடி ஜன்னல் விளக்கு இரவு பத்து வரை எரியட்டும், தகர ஷட்டருக்குப் பதில் உள்ளே தெரியும் கம்பி ஷட்டர் வரட்டும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, பொதுக் கழிப்பறை திறந்திருக்கிறதா, உட்கார பெஞ்சு எங்கே, இதெல்லாம் விளக்குத் திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டியவை.

பராமரிப்பை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 50,000 மணி நேரம் தாங்கும் என்று விற்கும் எல்இடி, அந்தி முதல் விடியல் வரை ஆண்டுக்குச் சுமார் 4,000 மணி நேரம் எரிந்தால் பன்னிரண்டு ஆண்டு ஓடலாம், ஆனால் உள்ளே இருக்கும் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகம்) அதற்கு முன்பே போய்விடுவது சகஜம். அதே மாடலுக்கான உதிரி பாகம் கிடைக்குமா, எத்தனை நாளில் மாற்றுவார்கள், தூசியை யார் துடைப்பார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகக் கணக்கு. விளக்கு போடும் முன்னும் பின்னும், அதே கிழமை, அதே நேரம், அதே பருவத்தில் ஆட்களை எண்ணுங்கள். கடந்து போனவர்கள் தனி, நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும் தனி. பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். நிற்பவர்கள் கூடியிருந்தால் பக்கத்துத் தெருவுக்குப் போகலாம். கடந்து போகிறவர்கள் மட்டும் கூடியிருந்தால் இன்னும் விளக்கு வாங்காமல் பெஞ்சையும் கடை நேரத்தையும் முதலில் பாருங்கள்.