ஏறுவதற்கு முன் குதிரையோடு நடங்கள்: புதுக் குதிரையைத் தரையில் பழக்கும் முறை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்ததும் சேலம் பக்கத்துக்குச் சில குதிரைகள் வந்து சேரும். வாங்கியவருக்கு உடனே ஏறிப் பார்க்க வேண்டும். அவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கொஞ்ச நாள் அதோடு நடங்கள். தரையில் உங்கள் பேச்சைக் கேட்காத குதிரை, முதுகில் உட்கார்ந்ததும் கேட்டுவிடாது.

இது பழைய பாடம். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன் குதிரையைப் பலவந்தமாகப் பழக்கக் கூடாது என்று எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் குதிரையேற்ற ஆசான் கெரினியேர் குதிரையின் உடலைப் படிப்படியாக இளக்கும் பயிற்சிகளை முறைப்படுத்தினார். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளிக்கு இன்றும் அவருடைய முறைதான் அடிப்படை. மனிதனும் குதிரையும் இசைந்து போவதை மையமாக வைத்த பிரெஞ்சுக் குதிரையேற்ற மரபை 2011இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இதையெல்லாம் தொடங்க அரண்மனை லாயம் தேவையில்லை. ஒரு ஹால்டர் (வாயில் இரும்பு இல்லாத தலைவார்), 3 அல்லது 4 மீட்டர் பருத்திக் கயிறு, கையுறை, கால்விரலை மூடும் ஷூ இருந்தால் போதும்.

இடமும் நேரமும்

வேலி போட்ட மண் தரை நல்லது. ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் காபி காயவைக்கும் சிமென்ட் களம் சமமாக இருக்கிறதே என்று அங்கே இறங்கிவிட வேண்டாம். லாடம் அடித்த குளம்பு அதில் வழுக்கும், தூறல் விழுந்தால் கேட்கவே வேண்டாம். சேலத்தில் வெயில் ஏறுவதற்குள், காலை எட்டு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கொள்ளு தின்ற கையோடு பயிற்சி கூடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

1. பக்கத்தில் போவது

குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும்தான் தெரியாது. அதனால் இடது தோளை நோக்கி, ஏதாவது பேசிக்கொண்டே சாய்வாகப் போங்கள். முதலில் முகத்தைத் தொடாதீர்கள். பிடரி முடியும் இடத்தில் முதுகு சற்று மேடாக இருக்கும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே விரலால் அழுத்திச் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பே இறங்கும். கீழுதடு தளர்ந்து தொங்கினால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். காது பின்னால் ஒட்டிப் படுத்திருந்தால் விலகி நில்லுங்கள், அவசரமில்லை.

2. கயிறு பிடிப்பது

மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். குதிரை மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். மடித்து மடித்து உள்ளங்கையில் வையுங்கள். சரி, இனி வேலைக்கு வருவோம்.

3. நடத்துவதும் நிறுத்துவதும்

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் நின்று முன்னே பார்த்து நடக்கத் தொடங்குங்கள். வரவில்லையா? கயிற்றில் லேசாக இறுக்கம் கொடுத்து, அதே அளவில் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். இழுபறி போட வேண்டாம், குதிரையின் பலத்துக்கு முன்னால் நாம் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அதன் உடல் எடை முன்பக்கம் சாயும். கால் இன்னும் எடுத்து வைத்திருக்காது, சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். அந்த நொடியில் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள்.

குதிரை கற்பது நீங்கள் இழுக்கும்போது அல்ல, விடும்போது. 'இப்படிச் செய்தேன், தொல்லை நின்றது' என்பதைத்தான் அது நினைவில் வைக்கிறது. கால் எடுத்து வைத்த பிறகும் நீங்கள் இழுத்துக்கொண்டே இருந்தால், வந்தாலும் இழுக்கிறான், வராவிட்டாலும் இழுக்கிறான் என்று ஆகிவிடும். வாய் மரத்துப்போன குதிரைகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. அப்புறம் அதை அடக்க முள் வைத்த கடிவாளம் தேடுகிறார்கள். 1965ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே முள் கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன. சந்தையிலிருந்து அப்படி ஒன்றோடு குதிரை வந்திருந்தால் இன்றைக்கே கழற்றிப் போடுங்கள். அந்த வாயில் ஏற்கனவே புண் இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிறுத்தவும் இதே வழிதான். முதலில் உங்கள் மூச்சை வெளியே விட்டு நடையைக் குறையுங்கள். கயிறு கடைசியில் வரட்டும். சில நாளில் கயிறு தொங்கியபடியே இருக்க, நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும்.

4. பின்னால் ஒரு அடி

முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்று, கயிற்றைக் குதிரையின் மார்பை நோக்கி மெல்ல அழுத்துங்கள். தோள் தசை லேசாக அசையும், எடை பின்னங்காலுக்குப் போகும். அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்த முறை அடியே வைக்கும். ஒரு அடி வந்தால் போதும், அன்றைக்கு இரண்டாவது கேட்காதீர்கள். விட்டதும் பல குதிரைகள் நாக்கால் உதட்டை நக்கி மெல்லும். அது முடியும் வரை சும்மா நில்லுங்கள்.

5. பின்புறத்தை நகர்த்துவது

தோளை ஒட்டியே நில்லுங்கள், பின்னங்கால் எட்டும் இடத்துக்குப் போகாதீர்கள். மூக்கைச் சற்று உங்கள் பக்கம் திருப்பி, சேணப் பட்டை வரும் இடத்துக்குப் பின்னால் விலாவில் விரல் நுனியால் அழுத்துங்கள். உங்கள் பக்கத்துப் பின்னங்கால் மற்றதற்கு முன்னால் குறுக்காக வந்தால் விரலை எடுத்துவிடுங்கள். பின்னாளில் முதுகில் இருந்துகொண்டு காலால் சொல்லப் போவதும் இதையேதான். இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஒரு பக்கம் எப்போதும் விறைப்பாக இருக்கும், அந்தப் பக்கம் பொறுமை கூடுதலாக வேண்டும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி, சரிவு. சில்வர் ஓக் நிழலில் எஸ்டேட் மண்பாதையில் மெதுவாக ஏற வைத்தால் பின்னங்கால் வலுப்பெறும். இறங்கும்போது நாலு அடிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைச்சாலைக்குக் கூட்டிப் போக வேண்டாம், பஸ் ஹாரனுக்குப் பழகாத குதிரைக்கு அது இடமில்லை.

எவ்வளவு நேரம், எப்போது சேணம்

ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம். நன்றாகச் செய்த ஒரு அடியோடு நிறுத்துங்கள். ஓய்வில் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். விலா அசைவைப் பார்த்து எண்ணலாம். பயிற்சி முடிந்து வெகுநேரம் கழித்தும் மூச்சு அந்த அளவுக்கு இறங்கவில்லை என்றால் அன்றைய வெயில் குதிரைக்கு அதிகம்.

குதிரையின் முதுகெலும்பு முழுதாக முதிர 5, 6 வயதாகும். மூன்று வயதுக் குட்டியின் மேல் ஆள் ஏறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல்லைப் பார்த்து வயதை மருத்துவர் சொல்லட்டும். வயது சரியாக இருந்து, தளர்ந்த கயிற்றில் நடந்து, நின்று, பின்வாங்கி, இரு பக்கமும் விலகத் தெரிந்த பிறகு, முதுகில் மடித்த சாக்கு ஒன்றை வையுங்கள். அசையாமல் நின்றால் உடனே எடுத்துவிடுங்கள். சேணத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.