பாதியில் அறுந்த பழைய மின்னஞ்சல்கள்

கோத்தகிரியில் எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவின் பழைய மின்னஞ்சல்களை எம்பாக்ஸ் கோப்பாக எடுத்துத் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் சேர்த்தபோது, சில கடிதங்கள் பாதியில் அறுந்து, மறுபாதி அனுப்புநர் பெயரோ தேதியோ இல்லாத தனிக் கடிதமாக நின்றது. எம்பாக்ஸில் எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பில் தொடர்ந்து இருப்பதால், வரியின் தொடக்கத்தில் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வந்தால் அதுவே அடுத்த கடிதத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படும். குன்னூர் ஏல விலையைத் தெரிவித்த கடிதங்களில், வெற்று வரியை அடுத்து, 'ஃப்ரம் குன்னூர்' என்று ஆங்கிலத்தில் தொடங்கிய வரிகளே அறுபட்ட இடங்கள். விலை விவரம் எங்களுக்கு உயிரானது என்பதால், முதலில் கோப்பைப் படியெடுத்து வைத்தேன். பிறகு தண்டர்பேர்டை மூடிவிட்டு, எழுத்துத் திருத்தியில் அவ்வரிகளின் முன் '>' குறியை இட்டு, கடிதப் பட்டியலுக்காகத் தண்டர்பேர்ட் அதே பெயரில் வைத்திருக்கும் எம்.எஸ்.எஃப். அட்டவணைக் கோப்பை மட்டும் நீக்கினேன். மீண்டும் திறந்ததும் அட்டவணை புதிதாக உருவாகி, கடிதங்கள் முழுமையாகத் தெரிந்தன.