மீன் வெட்டுறதுக்கு முன்னாடி அதோட கண்ணையும் காதையும் பாத்து தெரிஞ்சுக்கிறது எப்படி

ஞாயித்துக்கிழமை காலைல மீன் வாங்கப் போனா எல்லாரும் கண்ணைப் பாப்போம், செவுளைத் தூக்கிப் பாப்போம், ஃப்ரெஷ்ஷுன்னு தெரிஞ்சதும் வெட்டக் குடுத்துட்டு நின்னுடுவோம். நான் சொல்றது என்னன்னா அந்த வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் எடுத்துக்கோங்க, ஏன்னா அந்த மீன் எந்த மாதிரி தண்ணில இருந்துச்சு, பகல்ல மேஞ்சுச்சா ராத்திரில மேஞ்சுச்சா, எதை நம்பி இரை தேடுச்சுன்னு எல்லாமே அதோட தலையிலயும் தோல்லயும் இருக்கு. என் பொண்ணு ஆறாவது படிக்கிறா, அவளை காசிமேட்டுக்கு கூட்டிட்டுப் போய் ஆரம்பிச்சது இது, இப்ப எங்க வீட்ல வாரா வாரம் நடக்குது.

வாங்க வேண்டியது ரொம்ப இல்ல. கொடுவா தலை ஒண்ணு, கால் கிலோ மத்தி, ஒரு கத்தாழை மீன், கிடைச்சா உயிர் கெளுத்தி. தலையைத் தூக்கிப் போட வேணாம்னு மொதல்லயே சொல்லிடுங்க. வீட்ல ஒரு சின்ன கத்தி, டார்ச், பழைய நியூஸ்பேப்பர் போதும்.

மொதல்ல கண்ணு. மீன் குழம்புல தலையைச் சாப்பிடும்போது கண்ணுக்குள்ள வெள்ளையா, கல்லு மாதிரி ஒரு உருண்டை வருமே, அதுதான் லென்ஸ். வெந்ததால வெள்ளையாயிடுச்சு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி. பச்சை மீன்ல அதையே எடுத்துப் பாருங்க, கண்ணாடி குண்டு மாதிரி பளிச்சுனு இருக்கும். கண்ணோட முன்பக்கத்துல லேசா கீறி, பின்னாடி இருந்து அமுக்கினா தானா வெளிய வந்துடும் (சின்னப் பசங்க கையில கத்தியைக் குடுக்காதீங்க, இதை நீங்களே பண்ணுங்க). கழுவி நியூஸ்பேப்பர்ல ஒரு எழுத்து மேல வைங்க. என் பொண்ணு 'கு' மேல வச்சுட்டு "அப்பா, எழுத்து பெருசாயிடுச்சு"ன்னு கத்துனா, அப்புறம் அதையே விரல் நுனில எடுத்து ஜன்னலுக்கு நேரா பிடிச்சா ஜன்னல் தலைகீழா தெரிஞ்சுது. ஐஸ்ல ரொம்ப நாள் கிடந்த மீன்னா லென்ஸ் மங்கலா இருக்கும், இது சரியா வராது.

ஏன் உருண்டையா இருக்குன்னா, நம்ம கண்ணுல வெளிச்சத்தை வளைக்கிற வேலைல பெரும்பங்கு முன்னாடி இருக்குற கார்னியாவோடது, அது காத்துல நல்லா வேலை செய்யும், ஆனா தண்ணிக்குள்ள போனா கார்னியாவும் தண்ணியும் வெளிச்சத்துக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனாலதான் கிணத்துல முங்கி கண்ணைத் திறந்தா நமக்கு எல்லாம் கலங்கலா தெரியுது. மீனுக்கு கார்னியாவால பிரயோஜனம் ரொம்பக் கம்மி, மொத்த வேலையும் லென்ஸ் தலைலதான், அதனாலதான் அது முழு உருண்டை. நடுவுல அடர்த்தி ஜாஸ்தி, ஓரத்துல கம்மி, இல்லன்னா இப்படி ஒரு குண்டு வழியா எதுவுமே தெளிவா தெரியாது. கிட்ட இருக்கிறதைப் பாக்க நம்ம லென்ஸ் உருவத்தை மாத்திக்கும், மீன் கேமரா மாதிரி லென்ஸையே முன்ன பின்ன நகத்தும்.

அடுத்து கண்ணோட சைஸ். உடம்போட சேத்துப் பாருங்க. கண்ணு பெருசா இருந்தா பெரும்பாலும் மங்கலான வெளிச்சத்துல வாழுற மீன். கொடுவா கழிமுகத்துலயும் கலங்கல் தண்ணிலயும் இரை தேடும், அதோட கண்ணுக்குள்ள வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு பூச்சு இருக்கு, ராத்திரில உயிர் மீன் மேல டார்ச் அடிச்சா பூனைக் கண்ணு மாதிரி செவப்பா மின்னும். சங்கரா மாதிரி செவப்பு மீன் கிடைச்சா இன்னொண்ணு சொல்லிக் குடுங்க: கடல்ல செவப்பு வெளிச்சம்தான் மொதல்ல காணாமப் போகும், நீலம்தான் ரொம்ப ஆழம் வரைக்கும் போகும், அதனால மேல நமக்கு பளிச்சுனு தெரியுற அந்தச் செவப்பு கீழ வெறும் சாம்பல் நிழல்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சது. கொடுவா முழுசா இருந்தா செவுள்ல இருந்து வால் வரைக்கும் பக்கவாட்டுல ஒரு கோடு ஓடுறதைப் பாருங்க, வால் துடுப்புக்குள்ளயும் போகும். அது டிசைன் இல்ல, லேட்டரல் லைன். அந்தக் கோட்டுல இருக்குற ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு சின்ன ஓட்டை, உள்ள மயிர் மாதிரி செல்லுங்க, பக்கத்துல தண்ணி அசைஞ்சா அது தெரிஞ்சுக்கும். நம்ம காதுக்குள்ள இருக்கிறதும் அதே ஜாதி செல்லுதான். மெக்சிகோ குகைல கண்ணே இல்லாத ஒரு மீன் இருக்கு, அது பாறைல முட்டாம நீந்துறது இதை வச்சுதான். அப்புறம் மத்தியை எடுத்துப் பாருங்க, உடம்புல அந்தக் கோடே இருக்காது, அதுக்கு அந்த ஏற்பாடு தலையோட நின்னுடும். வஞ்சிரம் வாங்குறவங்க கோட்டை கவனிங்க, பட்டை பட்டையா இருக்குற பெரிய வஞ்சிரத்துல ரெண்டாவது முதுகுத் துடுப்பு தாண்டினதும் கோடு திடீர்னு கீழ இறங்கும், புள்ளி போட்ட இன்னொரு வகைல மெதுவா வளைஞ்சு போகும்.

கெளுத்தில மீசையை எண்ணுங்க, நாட்டுக் கெளுத்திக்கு நாலு ஜோடி. பக்கவாட்டுல இருக்குற முள்ளு குத்தினா நல்லா வலிக்கும், துணி வச்சு பிடிங்க. சேத்துல கண்ணு என்ன செய்யும், அதனால மீசை முழுக்க, தோல் முழுக்கவும்கூட ருசி பாக்குற மொட்டுங்க, அதாவது உடம்பே நாக்கு. காதும் நல்ல காது, வயித்துக்குள்ள மீன் மிதக்க உதவுற காத்துப்பைல இருந்து உள்காது வரைக்கும் குட்டி எலும்புங்க சத்தத்தைக் கடத்தும், 1820ல வேபர்னு ஒரு ஜெர்மன் ஆள் கண்டுபிடிச்சது.

கத்தாழை வாங்கும்போது மீன்காரக்கா "தம்பி, தலையில கல் இருக்கும், கொழந்தைக்கு பாத்துக் குடு"ன்னு சொல்லுவாங்க. அந்தக் கல்லு காதுக்குள்ள இருக்கிறது. மீன் உடம்பு அடர்த்தில தண்ணி மாதிரிதான், சத்தம் வந்தா உடம்பும் தண்ணியோட சேர்ந்தே ஆடும், கல்லு கனம்ங்கிறதால பின்தங்கும், அந்த வித்தியாசம்தான் மீனுக்கு கேக்குறது. எல்லா எலும்பு மீனுக்கும் இந்தக் கல்லு உண்டு, கத்தாழைக்கு ரொம்பப் பெருசு, அதுவே தண்ணிக்குள்ள கரகரன்னு சத்தம் போடுற மீன் வேற. வெந்ததும் தலையைப் பிரிச்சு ஜோடியா எடுத்து கழுவி காயவச்சு மீன் பேரும் தேதியும் எழுதி டப்பால போடுங்க. கல்லுல மரத்துல இருக்குற மாதிரி வருஷ வளையம் இருக்கும், ஆனா மெல்லிசா சீவி மைக்ரோஸ்கோப்புல வச்சாதான் எண்ண முடியும், வீட்ல முயற்சி பண்ணி உடைச்சுடாதீங்க.

சுறா புட்டுக்கு சுறா வாங்கினா தலையையும் கேளுங்க. மூக்குக்குக் கீழ ஊசி குத்தின மாதிரி ஓட்டைங்க நிறைய இருக்கும், அமுத்தினா ஜெல்லி மாதிரி பிசின் வரும். இத்தாலில லோரென்சினி 1678லயே இதை எழுதி வச்சுட்டார், ஆனா எதுக்குன்னு புரிய கிட்டத்தட்ட 300 வருஷம் ஆச்சு. மத்த உயிருங்க உடம்புல இருந்து கசியுற மின்சாரத்தை பிடிக்கிறதுக்கு அது. 1971ல கால்மைன்னு ஒரு விஞ்ஞானி, நம்ம நாக்கு மீன் மாதிரி ஒரு தட்டை மீனை மணலுக்குள்ள ஒளிச்சு வச்சார், சுறா வந்து தோண்டிடுச்சு. மின்சாரம் வெளிய வராத மாதிரி பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினப்ப மேலயே நீந்திப் போயிடுச்சு. அப்புறம் மீனே இல்லாம ரெண்டு மின்கம்பியை மணலுக்குள்ள புதைச்சு லேசா கரண்ட் விட்டார், சுறா அதையும் வந்து தோண்டுச்சு.

அமுத்திப் பாத்துட்டு வழவழப்பு போறவரைக்கும் சோப்பு போட்டு கையைக் கழுவிடுங்க, அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க.